அவசரத்துக்குச் சொல்ல வேண்டியவர்

சட்டைக்குப் பட்டன் வைக்கிற மெஷினில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்குப் பட்டனக்கா என்று பெயர். அந்தத் தையல் ஆலையில் எல்லாருக்கும் அவரவர் மெஷின்தான் பெயர். காலர் தைப்பவள் காலர். பட்டன் நுழைகிற துளையைப் போடும் காஜா மெஷினில் இருப்பவள் காஜா. தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பவள் நூலக்கா. மேற்பார்வை செய்கிறவருக்கு மட்டும் மெஷின் கிடையாது. வாயில் எந்நேரமும் விசில் இருப்பதால் அவர் விசில் சார். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர்களெல்லாம் ஆபீஸ் காகிதத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

வெட்டுகிற அறையிலிருந்து துணி கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு சீட்டை நூலால் கட்டியிருப்பார்கள். என்ன அளவு, என்ன நிறம், எத்தனையாவது கட்டு என்று வெட்டு மாஸ்டர் அதில் எழுதியிருப்பார். சீட்டு கட்டோடு ஒட்டிக்கொண்டு மெஷின் மெஷினாக ஊர்ந்து வந்து, கடைசியில் பட்டனக்காவின் மேஜையில் இறங்கும். அவள்தான் முடிச்சை அவிழ்த்து, சீட்டைக் கூடையில் போட்டு, பட்டன் வைத்த சட்டையைப் பின்னால் நூலக்காவின் மேஜைக்குத் தள்ளுவாள்.

சீட்டுக்கென்று புதுக் காகிதம் வாங்கினால் முதலாளிக்கு நெஞ்சு வலி வந்துவிடும். அதனால் ஆபீஸில் ஒரு பக்கம் அச்சடித்து வேண்டாமென்று ஒதுக்கிய தாள்களைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். மாஸ்டர் அதை அடுக்கி, பாதிப் பாதியாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் எழுதுவார். மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பொரு தடவை அச்சடித்த பக்கத்திலேயே அளவை எழுதிவிட்டார். தைத்தவர்கள் அச்சில் இருந்த ஏதோ ஓர் எண்ணை அளவு என்று எடுத்துக்கொண்டு, அந்த அளவுக் கையை வைத்துத் தைக்க, ஒரு கட்டுச் சட்டை முழுக்கக் கை முழங்காலைத் தொட்டது. அன்று வாங்கிய வசவுக்குப் பிறகு, வெள்ளை முகம் மேலே பார்க்கும்படி அடுக்கிவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பார். அடிப்பக்கத்தில் ஆண்டவனே வந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவர் கண்ணில் படாது.

அந்த மாதம் ஆபீஸ் அறைக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டிகளையெல்லாம் தூக்கி வெளி வராந்தாவில் வைத்தார்கள். வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரும் நிரப்பிக் கொடுத்த பழைய படிவங்கள் ஒரு பெட்டியில் இருந்தன. ஒதுக்கிய தாள்கள் பக்கத்துப் பெட்டியில் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், இரண்டின் மேலும் எதுவும் எழுதவில்லை. மூட்டை தூக்குகிறவர் எது கைக்கு வாட்டமாக இருந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிற அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆலையில் வேலை பார்க்கும் அத்தனை பேருடைய வயதும் வீடும் வியாதியும் பாதிப் பாதியாகி, நூலில் தொங்கிக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது இப்படித்தான்.

முதலில் கண்டுபிடித்தவள் காலர். கட்டை அவிழ்க்கும்போது சீட்டு புரண்டது.

"ஏய், இங்க பாருங்கடி. யாரு இந்தக் கதாநாயகன்?"

காஜா எட்டிப் பிடுங்கினாள். படிக்கிற வேலை எப்போதும் அவளுடையது. சுவரில் ஒட்டுகிற அறிவிப்பானாலும் மாத்திரைப் பட்டையில் இருக்கும் எழுத்தானாலும் அவள்தான் ஊருக்குப் படித்துக் காட்டுவாள். நூலக்காவுக்கு எழுத்துக் கூட்டவே வராது. காஜாவின் வாய்தான் அவளுக்குப் பத்திரிகை.

"ஐயய்யோ, விசில் சாருடி! தலை நிறைய முடி! மீசையைப் பாரேன், ரெண்டு ஆளுக்குக் காணும்." போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்ததையும் படித்தாள். "பொறந்த வருஷம்... அடி ஆத்தீ! இவரு எங்கப்பாவுக்கே மூத்தவரு. போன மாசம் கேக் வெட்டும்போது நாப்பதுன்னு சொன்னாரே?"

விசில் சார் ஓடி வந்து சீட்டைப் பறித்தார். "அது பழைய போட்டோம்மா."

"போட்டோ பழசுதான் சார். வருஷம் எப்படி சார் பழசாகும்?"

அன்றைக்கு மெஷின் ஓடினதைவிடச் சிரிப்பு ஓடினதுதான் அதிகம். பட்டனக்காவும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவருடையதும் வந்தது. ஒருத்தியின் எடை வந்தது. பள்ளிக்கூடம் முடித்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தி எங்கே நிறுத்தினாள் என்பது வந்தது. பிறகு இஸ்திரி போடுகிறவருடைய கீழ்ப் பாதி வந்தது. 'உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா' என்ற கேள்விக்கு நேரே, 'வலிப்பு வரும், மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். யாரோ சத்தமாகப் படித்துவிட்டார்கள்.

"இஸ்திரிப் பெட்டியோட விழுந்துடப் போறாரு, தள்ளி நில்லுங்கடி" என்றாள் ஒருத்தி. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சிரிப்பும் வந்தது. இஸ்திரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சூடான பெட்டியைத் துணியில் வைக்காமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் தண்ணீர்ப் பானை பக்கத்தில் அவர் குடித்த டம்ளர் தனியாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. யார் ஒதுக்கி வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த டம்ளரைப் பார்த்தபோதுதான் பட்டனக்காவுக்கு உறைத்தது. தன் காகிதமும் இதே கூட்டத்தில் எங்கேயோ நடந்து வந்துகொண்டிருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். நல்ல வேலைக்காரர். ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனவர், திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குப் போனார். "இன்னுமா சரியாகலை?" என்று இவள் வெகுளியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தன் சட்டைகளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டையில்லை, சத்தமில்லை. பிள்ளை குட்டியும் இல்லாததால் பிடித்து இழுக்க ஒரு கை இல்லை. அவர் இதே ஊரில், பஸ் பாதையின் இன்னொரு முனையில் இருந்தார். இவள் ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்று மதியம் நூலக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு தங்கச்சி?"

"இல்லைக்கா" என்றாள் இவள்.

வீட்டில் இல்லை, என்னோடு இல்லை என்றுதான் வாயில் வந்தது. நூலக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் இல்லை தங்கச்சி" என்றாள்.

நூலக்காவின் 'இல்லை' மண்ணுக்குள் போன 'இல்லை'. இரண்டையும் ஒரே 'இல்லை' என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிடமே, "அப்படியில்லைக்கா" என்று திருத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது. இவள் கையை அப்படி யாரும் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் வருஷக்கணக்காக நீண்டுவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் படி தலையில் இடிக்கும். அதுதான் அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிற இடம். நூலக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவாள். அவர் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்குமாம். செருப்பை ஒரு நாளும் ஜோடியாக விடமாட்டாராம், ஒன்று வாசலில் கிடந்தால் இன்னொன்று கட்டிலடியில் கிடக்குமாம். இவளும் பேசுவாள். தூக்கத்தில் ஃப்ரிட்ஜைத் திட்டுவார், பல் தேய்த்துக்கொண்டே பாடுவார், பாதிப் பாட்டு நுரையோடு போய்விடும். ஒன்றும் இட்டுக்கட்டியது கிடையாது. எல்லாம் நடந்ததுதான். எல்லாவற்றையும் முடிந்துபோன காலத்தில் சொன்னாள், அவ்வளவுதான் செய்த பாவம். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு, மெஷினுக்குத் திரும்புவார்கள். நாள் முழுக்க அவள் ஒரு மனுஷியோடு பேசுகிற பேச்சு அந்த அரை மணி நேரப் பேச்சுதான். மாடி அறைக்குப் போனால் பேச்சுத்துணை கடவுள் மட்டும்தான். அவருக்கும் திருப்பிப் பேசுகிற வழக்கம் இல்லை.

ஆனால் படிவத்தில் அவள் பொய் எழுதவில்லை. வாயால் பேசியது காற்றோடு போய்விடும், கையெழுத்துப் போட்டுத் தருவது கடவுள் முன்னால் சொல்வதற்குச் சமம் என்று அவளுக்கு ஒரு பயம். கணவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்ட இடத்திலும் அவரையே எழுதினாள். அந்தக் கீழ்ப் பாதி நூலக்காவின் காதுக்குப் போனால் அந்தப் பெஞ்சு போய்விடும். அவளுக்கு வேறு எதைப் பற்றியும் கவலை இல்லை. வேலை போகாது, சம்பளம் குறையாது. பெஞ்சு போய்விடும்.

டீ நேரத்தில் வெட்டுகிற அறைக்கு ஓடினாள். மாஸ்டர் நீளமான மேஜைமேல் துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரண்ணே, சீட்டுப் பின்னால என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"பின்னால எனக்கு என்னம்மா வேலை? நான் முன்னால மட்டும்தான் பாப்பேன்."

"கொஞ்சம் திருப்பித்தான் பாருங்களேன்."

ஒன்றைத் திருப்பினார். அதில் இதே ஆலையில் வேலை பார்க்கும் அவருடைய மச்சானின் போட்டோ இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. "என் சோத்துல மண்ணு விழுந்துச்சே" என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருமாக மிச்சமிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். இவளுடைய மேல் பாதி கிடைத்தது. போட்டோவில் பயந்த முகம், அழுத்தி வாரிய தலை. கீழ்ப் பாதி இல்லை.

"கட்டியாச்சும்மா. எந்தக் கட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுல அப்படி என்னம்மா எழுதி வச்சிருக்கே?" என்றார்.

"ஒண்ணுமில்லைண்ணே."

மாஸ்டரே போய் ஆபீஸில் சொன்னார். சற்று நேரத்தில் மேனேஜர் இறங்கி வந்து, மெஷின்களை நிறுத்தச் சொல்லிப் பேசினார். பெரிய தவறு நடந்துவிட்டது, எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், யாரிடம் எந்தச் சீட்டு வந்தாலும் படிக்காமல் உடனே அவரவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்.

"படிக்காம யாருதுன்னு எப்படி சார் தெரியும்?" என்று காஜா கேட்டாள். சிரிப்பு எழுந்தது. மேனேஜரும் பாவம், தலையைச் சொறிந்துகொண்டார். அப்படியானால் எல்லாவற்றையும் கூடையில் போடுங்கள், மாலையில் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடை பட்டனக்காவின் காலடியில்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் கண் தன் மெஷினில் நிற்கவில்லை. கட்டு காலரிடம் வரும்போதே அங்கே போய் நிற்கும். அங்கிருந்து சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவளிடம், அங்கிருந்து ஓரம் மடிக்கிறவளிடம், பிறகு காஜாவிடம். ஒவ்வொரு கட்டும் காஜாவைத் தாண்டித் தன் மேஜையில் விழும்வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வந்ததும் சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள். இன்னொருத்தியுடையதாக இருக்கும். கடவுளே, அவள் வீட்டுச் சங்கதி எனக்கு வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுவாள். ஊசி ஒரு தடவை விரலைப் பதம் பார்த்தது. பட்டன் மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து நடக்காத காரியம்.

"என்ன தங்கச்சி, இந்த வாரம் ஒரு மாதிரியா இருக்கே?" என்று பெஞ்சில் நூலக்கா கேட்டாள்.

இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. நூலக்கா தன் பாத்திரத்தில் இருந்ததைப் பாதி எடுத்து இவள் பாத்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். "தலைவலிக்கா" என்றாள்.

மறுநாள் காலை நீல நிறச் சட்டைகள் வந்தன. காஜா மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றது.

"கேளுங்கடி, கேளுங்க!" மேனேஜர் சொன்னதெல்லாம் அவளுக்கு எப்போதோ மறந்துவிட்டது. "'அவசர காலத்தில் தகவல் தர வேண்டியவர்: கணவர். அவர் தனியாக வேறு இடத்தில் இருக்கிறார். அவர் வேலை நேரத்தில் கூப்பிட வேண்டாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் சொல்லவும்.' அடேயப்பா, யாருடி இந்த மகராசி? விட்டுட்டுப் போனவனுக்கு வேலை கெட்டுடக் கூடாதாம்! எழுத்தைப் பாரு, ஒவ்வொண்ணும் ஒரு தட்டு அகலம். கையெழுத்து..."

கையெழுத்தில் பாதிப் பெயரோடு அவள் குரல் அறுந்தது. பட்டனக்காவின் சொந்தப் பெயரை ஆலையில் யாரும் கூப்பிட்டதில்லை என்றாலும், சம்பள நாளில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அக்கா..." என்றாள் காஜா. சீட்டை மடியில் வைத்து மூடிக்கொண்டாள். "பாக்காம படிச்சுட்டேன்க்கா."

பின்னால் நூலக்காவின் கத்தரிச் சத்தம் நின்றது. "யாருது?" என்று கேட்டாள். "யாருதுடி? சொல்லித் தொலைங்களேன்."

"என்னுதுக்கா" என்றாள் பட்டனக்கா, திரும்பாமலே.

"உன் வீட்டுக்காரர்தான் இல்லையே?"

"இல்லைதான்க்கா. என்கூட இல்லை."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு."

நூலக்காவின் கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. நூலோடு சேர்த்துச் சட்டையின் ஓரத்தையும் வெட்டிவிட்டாள். விசில் சார் பார்த்தார். வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை.

மதியம் பெஞ்சுக்குப் போனாள். பாத்திரத்தைத் திறக்காமல் காத்திருந்தாள். நூலக்கா இஸ்திரி மேஜைப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

காலரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். செத்தவருடைய மனைவியிடம் இத்தனை நாள் தழைந்த குரலில் பேசியவர்கள், இப்போது ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போ என்றாள் ஒருத்தி. அந்த வீட்டு வாசலில் போய் உட்கார் என்றாள் இன்னொருத்தி. "அவனை என் கையில குடு, காலரை அளவு எடுத்து இறுக்கித் தைச்சுடறேன்" என்றாள் காலர். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். படி அவர்கள் தலையில் இடித்துக்கொண்டே இருந்தது. "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் போன பிறகு பெஞ்சு முன்னைவிட நீளமாகத் தெரிந்தது.

சாயந்திரம் வாசலில் நூலக்காவைப் பிடித்தாள்.

"நான் பொய் சொல்லலைக்கா. நீங்க கேட்டப்போ இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

நூலக்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. "எனக்கு இல்லைன்னா இல்லைதான் தங்கச்சி. உனக்கு பஸ் ஏறிப் போனா இருக்கு."

"நான் ஏறிப் போகலையேக்கா."

"போகாம இருக்கறது உன் இஷ்டம். எனக்கு அந்த இஷ்டம்கூடக் கிடையாதே."

"நான் உங்க பக்கத்துல உக்காந்து அழுததெல்லாம் நெஜம்க்கா."

"இருக்கும்" என்றாள் நூலக்கா. "ஆனா நான் செத்தவருக்கு அழுதேன். நீயும் அதுக்குத்தான் அழறேன்னு நெனச்சு, உனக்கும் சேத்து அழுதேன் பாரு. அதை நான் யார்கிட்டத் திருப்பிக் கேக்கறது?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அடுத்த பஸ்ஸும் வந்து போன பிறகுதான் பட்டனக்காவுக்குத் தானும் ஏற வேண்டும் என்று நினைவு வந்தது.

பிறகு நாட்கள் போயின. நூலக்கா பேச்சை ஒரேயடியாக நிறுத்தவில்லை. "அந்தக் கட்டைத் தள்ளு", "இதுல ஒரு பட்டன் குறையுது" என்று வேலைப் பேச்சு இருந்தது. தங்கச்சி என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. காஜாதான் குற்ற உணர்ச்சியில் இவளைப் படாத பாடு படுத்தினாள். "அக்கா தண்ணி வேணுமா? அக்கா ஊசி மாத்தித் தரட்டுமா? அக்கா உங்க மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டேன்."

"நான் என்ன படுத்த படுக்கையா? போய் உன் வேலையைப் பாரு" என்றாள் இவள். காஜா அதற்குப் பிறகு எதையும் சத்தமாகப் படிப்பதில்லை. சுவரில் அறிவிப்பு ஒட்டினால்கூட எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். நூலக்காவுக்கு உலகச் செய்தி தெரியாமல் போயிற்று.

ஆபீஸில் எல்லாருக்கும் புதுப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவராக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரப் பெண்ணுக்குத்தான் எல்லா வசவும் விழுந்திருந்தது. கண் வீங்கியிருந்தது.

"என் தப்புதாம்மா. பெட்டி மேல ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

"நீ என்னம்மா பண்ணுவே, நேரம்" என்றாள் பட்டனக்கா. புதிதாக அடித்த சுவரின் வாசனை மூக்கில் ஏறியது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அந்த இடம் வந்தது.

"அவசரத்துக்கு யாருக்குச் சொல்லணும்?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, பழையபடி அவர் பெயரையே சொன்னாள். எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னாள். இனிமேல் யாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது?

"இந்தத் தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்தணும்னு உத்தரவும்மா." அந்தப் பெண் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். பட்டனக்காவின் கை தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கியது. எத்தனையோ வருஷம் கழித்து அந்த முனையில் ஒரு குரல் கேட்கப் போகிறது. வேலை நேரமாயிற்றே, கோபித்துக்கொள்வாரோ என்றுகூட நினைத்தாள்.

"இந்த நம்பர் உபயோகத்துல இல்லைங்கறாங்கம்மா."

"இன்னொரு தடவை பாரேன்."

பார்த்தாள். அதே பதில்தான். இத்தனை வருஷமும் ஆலையில் தனக்கு ஏதாவது ஆகியிருந்தால், யாரும் எடுக்காத ஒரு எண்ணைத்தான் இவர்கள் அழுத்தியிருப்பார்கள். எப்போது மாற்றினாரோ. மாற்றியதை இவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப் போகிறது?

"வேற யாராவது சொல்லுங்கம்மா."

"யாரும் இல்லைன்னு போட்டுக்கோயேன்."

"போட்டா இது வாங்க மாட்டேங்குதும்மா. சிவப்பா காட்டுது." திரையைத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான், சிவப்பாக இருந்தது.

தம்பி ஒருவன் தூரத்து ஊரில் இருந்தான். அவன் பெண்டாட்டி போனை எடுத்தால், இவள் குரல் என்று தெரிந்ததும் ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள். வாடகை வீட்டுக்காரரைச் சொன்னால், எங்களை எதற்கு இழுத்துவிடுகிறாய் என்பார்கள். சொல்லக்கூடிய ஒரே பெயர் நூலக்காவின் பெயர். அதைக் கேட்க வாய் இல்லை.

"கொஞ்சம் இரும்மா" என்று எழுந்து கீழே இறங்கினாள். மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் காஜாவின் பக்கத்தில் போய் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள்.

"உன் பேரை எழுதிக்கட்டுமா?"

"எதுலக்கா?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்குச் சொல்லச் சொல்லி."

காஜா மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. "எழுதிக்கோங்க. ஆனா மாசக் கடைசியில எதுவும் ஆக்கிக்காதீங்க, எனக்கு லீவு தரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வெட்டுத் துணியில் சாக்கட்டியால் தன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். பின்னால் நூலக்கா தலையைத் தூக்கி ஒரு கணம் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆபீஸ்காரப் பெண் துணியைப் பார்த்து எண்ணை ஏற்றினாள். மெஷின் இரைச்சலை மீறி, "ஆமா, நான்தான், சொல்லுங்க!" என்று காஜா கத்துகிறது போனுக்கு வெளியிலும் கேட்டது. பெண் போனை வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

பட்டனக்கா யோசித்தாள். தங்கை என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகிவிடும். அதுவும் எழுத்தில்.

"பக்கத்து மெஷின் வேணும்" என்றாள்.

"அப்படி ஒரு உறவு இதுல இல்லையேம்மா."

"எனக்கு அதுதாம்மா."

பெண் திரையில் எதையோ தேர்ந்தெடுத்தாள். என்ன என்று பட்டனக்கா கேட்கவில்லை. சிவப்பு போய்விட்டது.

இப்போதும் அவள் மாடிப்படிக்கு அடியில்தான், தனியாகச் சாப்பிடுகிறாள். காஜாவுக்கு வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. மதியத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள், பெஞ்சுக்கு வர முடியாது. சாக்கட்டியில் எழுதிய எண்ணைப் பட்டனக்கா தன் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறாள். அறைக்குப் போனதும் சில நாள் அதை எடுத்துப் பார்ப்பாள். கூப்பிட்டதில்லை. அவசரத்துக்கென்று வாங்கிய எண்ணை வெறுமனே கூப்பிட்டு என்ன பேசுவது? கடவுள் புண்ணியத்தில் இதுவரை அவசரம் எதுவும் வரவில்லை.